மண்டைதீவுச் சந்திச் சாட்சி

சில வருடங்களுக்கு முன், மாரி மழை விட்டு வெயில் எறிக்கத் தொடங்கிய ஒரு தை மாதக் காலையில் நடந்தது இது. நான் வேலணையில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறேன். அன்றும் வழக்கம்போல ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தேன். மண்டைதீவுச் சந்திக்குக் கிட்ட, எதிரே வந்த கார் ஒன்று பஸ்ஸை முந்துவதற்காக என் பக்கத்துக்கே வந்துவிட்டது. ஓரத்தில் இறக்கப் பார்த்தேன். அதற்குள் அடித்துவிட்டது.

கண் திறந்தபோது வீதியோர மண்ணில் கிடந்தேன். தலை யாரோ ஒரு பெண்ணின் மடியில் இருந்தது. அவர் சீலையில் மீன் வாசம். "கண்ணை மூடாதையும் பிள்ளை, என்னோட கதையும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எந்த ஊர், என்ன சமைத்துவிட்டு வந்தீர் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்புலன்ஸ் வந்தது. என்னை ஏற்றினார்கள். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வலது கால் முறிந்து, தகடு வைத்தார்கள். மாதக்கணக்காகப் படுக்கை. என் கணவர் வெங்காயத் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். அந்தப் போகம் எங்களுக்கு இல்லாமலே போனது. காரின் காப்புறுதிக் கம்பனிதான் நட்டஈடு தரவேண்டும் என்றார்கள். ஆனால் கார் ஓட்டியவர், நான்தான் நடு வீதிக்கு வந்தேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் அவரவர் வழியில் போய்விட்டார்கள். என் பக்கத்தைச் சொல்ல ஒருவரும் இல்லை.

கம்பனியின் அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், மேல்மாடியில். ஊன்றுகோலோடு ஒவ்வொரு படியாக ஏறுவேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையான இளைஞர்தான். கதிரை இழுத்துப் போடுவார். ஆனால் பதில் மட்டும் மாறாது. "சாட்சி இருந்தால் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா. இல்லாட்டி என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

காசைவிட, என்னைப் பொய் சொல்கிறவளாகப் பார்க்கிறார்களே என்பதுதான் எனக்கு வலித்தது.

கடைசியில் ஒருநாள், அன்று என்னை மடியில் வைத்திருந்த பெண்ணைத் தேடி நானும் கணவரும் ஓட்டோ பிடித்து மண்டைதீவுச் சந்திக்குப் போனோம். தேத்தண்ணிக் கடையில் விசாரித்ததும் உடனே ஆளைச் சொல்லிவிட்டார்கள். கரையில் மீன் வாங்கி யாழ்ப்பாணச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறவர். ஐம்பது வயதிருக்கும். விடிய அந்தச் சந்தியில்தான் பஸ்ஸுக்கு நிற்பாராம். எங்களைக் கண்டதும் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "நடக்கிறீர்தானே, அது காணும்" என்று சிரித்தார்.

வந்த காரியத்தைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. சண்டைக் காலத்தில் காணாமற்போன தமையனைத் தேடி அவர் ஏறாத கந்தோர் இல்லையாம். சொன்னதையே சொல்லிச் சொல்லி, ஒன்றும் கிடைக்காமல், இனி எந்தக் கந்தோர்ப் படியும் மிதிப்பதில்லை என்று விட்டவராம். அதைக் கேட்ட பிறகு எப்படி வற்புறுத்துவது? நன்றி சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினோம். வெளிக்கிடும்போது பின்னால் குரல் கேட்டது. "எண்டைக்கு வரவேணும்?"

கந்தோருக்குப் போன அன்று அவர் மீன் எடுக்கவில்லை. தோய்த்து மடித்த சீலை கட்டி, எனக்கு முன்னமே கந்தோர் வாசலில் நின்றார். படியில் என் மறு கையைப் பிடித்து ஏற்றினார். பாதிப் படியில் அவர் நின்றுவிட்டார். பிறகு நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

உள்ளே உட்கார்ந்ததும் அந்தத் தயக்கம் போய்விட்டது. பஸ் எங்கே வந்தது, கார் எப்படி வெட்டியது, நான் எவ்வளவு ஓரத்தில் வந்தேன் என்று எல்லாம் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தொப்பிக்கு வார் கொழுவேல்லை. விழுந்த உடனே அது உருண்டு போட்டுது. அதையும் நான் கண்டனான்" என்றார். அன்று நான் ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் ஓடியது உண்மைதான். இவ்வளவு தூரம் வந்து எல்லாம் போச்சே என்று கணவரைப் பார்த்தேன். அதிகாரி அதையும் எழுதி முடித்துப் பேனையை வைத்தார். பிறகு, இடத்தைத் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். வந்தும் பார்த்தார். கொஞ்சக் காலத்தில் கம்பனி ஒத்துக்கொண்டது.

சாட்சி சொன்ன அன்று, கந்தோரை விட்டு இறங்கியதும் கணவர் தோட்டச் சாமான் வாங்கப் போக, நாங்கள் இருவரும் பஸ் நிலையத்தில் வடையும் தேத்தண்ணியும் எடுத்தோம். ஏன் அக்கா வார் கதையைச் சொன்னீங்கள் என்று கேட்டேன். "கண்டதில பாதியை ஒளிச்சால், மற்றப் பாதியைச் சொல்லேக்கை என்ர குரலே என்னைக் காட்டிக் குடுத்திடும் பிள்ளை" என்றார்.

திரும்பும்போது பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியது. இரு பக்கமும் கடல் வெளிச்சமாகக் கிடந்தது. நான் என்ன படிப்பிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப ஒண்டு பாடுமன்." விபத்துக்குப் பிறகு நான் பாடவே இல்லை. அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு தேவாரம் பாடினேன். முன் சீற்றில் இருந்தவர்களும் கதையை நிறுத்திக் கேட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். மண்டைதீவு வந்ததும், "இறங்க மனமில்லை" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

பிறகு சில காலம், ஞாயிற்றுக்கிழமைகளில் நண்டோடு எங்கள் வீட்டுக்கு வருவார். இப்போது முல்லைத்தீவில் மகளோடு இருக்கிறார் என்று கேள்வி. அவர் தந்த தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. வீதியில் யாராவது விழுந்து கிடந்தால் இப்போது நான் பார்த்துவிட்டுப் போவதில்லை. இறங்கிப் போய், என் பெயரையும் எண்ணையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் வருவேன். என் வாழ்க்கையில் திரும்பவும் ஒருமுறை வராதா என்று ஏங்குகிற நாள்கள் மிகக் கொஞ்சம். அவரோடு பஸ்ஸில் வந்த அந்த மத்தியானம், ஒரு முறிந்த காலினால் கிடைத்ததென்றாலும், அவற்றில் முதலாவதாக நிற்கிறது.