கழற்றிய கதவு

இன்ஜின் கயிற்றை இழுக்கும்போதே அண்ணியின் பேச்சும் தொடங்கிவிடும். "எந்திரி மாப்பிள்ளை, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு! மாமியார் வீடுன்னு நினைப்பா?" இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டு அடங்கிவிடும். "சரி, உன் இஷ்டம். நானும் விடப் போறதில்ல." அடுத்த இழுப்பிலோ அதற்கடுத்ததிலோ அது புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பிடிக்கும். படகில் இருக்கும் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அண்ணிக்கு அது சிரிக்கிற விஷயமே இல்லை. அணைச்சுவருக்கு முதுகைக் காட்டி, எதிர்க்கரையில் தண்ணீர்வரை இறங்கி நிற்கும் மழைக்காட்டை நோக்கிப் படகைத் திருப்புவார்.

ஏரியை நோக்கிச் சரியும் ஒரே தெரு. அதன் அடியில் படகுத்துறை. ஊர் அவ்வளவுதான். துறையில் மூத்த படகுக்காரர் அவர் கணவர். அதனால் மற்ற படகுக்காரர்களுக்கெல்லாம் அவர் அண்ணி. பக்கவாதம் வந்து கணவரின் வலது பக்கம் விழுந்தபோது, ஒருவர் பக்குவமாகப் படகை விலைக்குக் கேட்டு வந்தார். "இது விக்கிறதுக்கில்ல தம்பி. உன் படகை விக்கிறதா இருந்தா சொல்லு, பாக்கலாம்" என்று அண்ணி டீ கொடுத்து அனுப்பிவைத்தார்.

அதுவரை அவர் இன்ஜினைத் தொட்டதில்லை. துறைக்கு ஆள் வருமுன்பே போய்த் தனியாகப் பழகினார். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மொட்டை மரங்கள் தண்ணீர் குறைந்தால் தலைநீட்டும். "நான் முட்டாத மரமே இல்ல. இப்ப எல்லாம் சொந்தக்காரங்க மாதிரி. எட்டி நின்னே கும்பிடு போட்டுட்டுப் போயிடுவேன்" என்பார். அக்கரையில் இறங்குமுன் ஒவ்வொருவரும் பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகியாக வேண்டும். முணுமுணுப்பவர்களுக்கு ஒரே பதில்: "ரத்தம் குடிக்கிற அட்டைக்கு ஆபீசரு, கிளார்க்குன்னு தெரியாதுங்க."

கணவர் அப்போதெல்லாம் முன்னறை ஜன்னலை விட்டு நகர்வதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சக்கர நாற்காலியில் துணிதான் காய்ந்துகொண்டிருந்தது. "வர்றீங்களா?" என்று தினமும் காலையில் அண்ணி கேட்பார். "வேணாம்" என்பார் அவர். தன்னோடு போட்டி போட்டுப் படகு விட்டவர்கள் முன்னால் மூட்டைபோலத் தூக்கப்படுவதை அவரால் தாங்க முடியாது. அது அண்ணிக்கும் தெரியும். தெரிந்தும் மறுநாள் கேட்பார்.

போன மழைக்காலம் ஓய்ந்த சமயம், ஒரு பெண் தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு துறைக்கு வந்தாள். அக்கரைக் காட்டைப் பார்க்க வேண்டுமென்று அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். துறைமேடைக்கும் படகுக்கும் நடுவே இருந்த பள்ளத்தைப் பார்த்துப் படகுக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"விடும்மா, இங்கேருந்தே பாத்துக்கறேன்" என்றார் பெரியவர்.

அந்தக் குரல் அண்ணிக்குப் பழக்கமான குரல். வீட்டில் தினமும் கேட்கிற குரல். தெருவேறி வீட்டுக்குப் போனவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவின் முன் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன... பண்றே?" கணவர் உள்ளிருந்து கேட்டார்.

"கதவைக் கழட்டுறேன்."

"திருடன்... வந்தா?"

"உக்கார வெச்சுப் பேசிட்டிருங்க, வந்துடறேன்."

கதவைத் தலையில் சுமந்து வந்து மேடைக்கும் படகுக்கும் பாலமாகப் போட்டார். நாற்காலியை ஏற்றுமுன் தானே நடந்து பார்த்தார். பாதியில் படகு விலக, கதவோடு இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தார். துறையே சிரித்தது. எழுந்து, சொட்டச் சொட்ட, படகின் இரு முனையையும் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். "சிரிச்சு முடிச்சாச்சுன்னா வந்து ஆளுக்கொரு பக்கம் பிடிங்க தம்பிகளா!" உதட்டைப் பிதுக்கியவர்களே வந்து பிடித்தார்கள். நாற்காலி மெல்ல உருண்டு படகுக்குள் இறங்கியது. அக்கரையில் பாசி படர்ந்த மரமொன்றில் உள்ளங்கையைப் பதித்தபடி, தூறல் வரும்வரை பெரியவர் திரும்ப மனமில்லாமல் இருந்தார்.

சாயங்காலம் கதவை மாட்டிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஒரே... ஒரு திருகு... போதும்."

"ஏன், கதவு ஆடுமே?"

"காலைல... மறுபடி... கழட்டணும்ல."

அண்ணி திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினார்.

மறுநாள் துறையில் யாரும் சிரிக்கவில்லை. கூப்பிடாமலேயே வந்து கதவைப் பிடித்தார்கள். படகுக்குள் இறங்கியதும் அண்ணி கணவரை நாற்காலியிலிருந்து பின்பலகைக்கு மாற்றித் தன்னருகே உட்காரவைத்தார். நடு ஏரியில் காற்று கிளம்பி, அலை உள்ளே தெறித்தது. கணவரின் இடது கை மெல்ல நகர்ந்து வந்து இன்ஜின் கைப்பிடியைப் பற்றியது.

"நான்... பிடிக்கிறேன்."

அண்ணி அந்தக் கையைப் பதமாக விலக்கி, அதில் தண்ணீர் இறைக்கும் தகர டப்பாவை வைத்தார். "காலடியில தண்ணி சேருது பாருங்க."

அவர் முறைத்தார். பிறகு குனிந்தார். அண்ணி ஒரு கையால் இன்ஜினையும் மறு கையால் அவர் சட்டைக் காலரையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.