ஒருக்கால் துள்ளிக் காட்டுங்கோ

பிள்ளைகளின் வயிற்றுக்குத்தைப் பார்ப்பது பாதி தாதி வேலை, பாதி பொலிஸ் வேலை. கொக்குவில் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். எங்கே குத்துகிறது என்று கேட்டால் பிள்ளை முழு வயிற்றையும் காட்டும். பிள்ளை வளர்த்த உங்களுக்கு இந்தப் பாடு தெரியும். அதனால் தரையிலுள்ள சிவப்புக் கோட்டைத் தாண்டித் துள்ளிக் காட்டச் சொல்லுவேன். வயிற்றுக்குள் பெரிய கோளாறு இருக்கிற பிள்ளை துள்ளப் பஞ்சிப்படும், நோவில் காலைத் தூக்காது. நோயைச் சொல்லுவது டொக்டர். வரிசையில் யாரை முன்னுக்கு விடுவது என்பது என் பொறுப்பு.

திங்கட்கிழமைக் குத்து

இணுவிலிலிருந்து ஒரு தாய் மகனோடு வந்தா. அவனுக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை வருடம். திங்கள் காலையில் பள்ளிக்கூடம் போகிற நேரம் பார்த்து வயிறு குத்துதாம். துள்ளச் சொன்னேன். கோட்டுக்கு அங்காலும் இங்காலும் ஐந்து தரம் துள்ளிவிட்டு, "இன்னும் துள்ளட்டோ மிஸ்?" என்றான். பொய் சொல்லுகிறான் என்று தாய்க்குக் கோபம். டொக்டர் வயிற்றை வடிவாக அமத்திப் பார்த்துவிட்டு, பொய்யில்லை, பயத்திலும் வயிறு குத்தும் என்றார்.

கிழமைக்கு எத்தனை ரியூசன் வகுப்பு என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கிய தாய் பாதியில் நிறுத்தினா.

"அப்ப மிஸ், ஞாயிறு பின்னேரம் எனக்கும் குத்துறது இந்தச் சோதனைப் பயத்தாலைதானோ?"

வீட்டில் எடுபடாத கெட்டித்தனம்

என் எட்டு வயது மகள் ஒருநாளும் வயிற்றுக்குத்து என்று என்னிடம் வந்ததில்லை. என் வளர்ப்பு அப்படி என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் அவளிடமே காரணம் கேட்டேன்.

"உங்களிட்டைச் சொன்னாத் துள்ளச் சொல்லுவியள். அப்பாட்டைச் சொன்னா பள்ளிக்கூடம் போகாம வீட்டில நிக்கச் சொல்லுவார்."

துள்ளாத பிள்ளை

மயிலிட்டியிலிருந்து கலியாண வீட்டுக்கு வந்த இடத்தில், ஒரு தகப்பன் ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பலகாரம் கூடிப்போச்சு மிஸ். ஓமத்தண்ணி குடுத்து, கண்பட்டிருக்குமெண்டு நாவூறும் கழிச்சாச்சு. அவசரமில்லை, வரிசையிலை நிக்கிறம்" என்றார். முன்னால் முப்பது பேர் இருந்தார்கள்.

துள்ளச் சொன்னேன். புதுச் சட்டை போட்ட பிள்ளை கோட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, காலைத் தூக்கவில்லை. குனிந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டது. வரிசை முணுமுணுக்க முணுமுணுக்க, அவளைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் ஓடினேன். அவர் வலப்பக்க அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கையோடு அம்புலன்ஸ் கூப்பிட்டார். அப்பெண்டிக்ஸ். அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள், பிந்தியிருந்தால் வெடித்திருக்குமாம். எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்?

ஒரு மாதம் கழித்துத் தகப்பன் ஒரு பை இறாலோடு வந்து நின்றார்.

"மிஸ், உவள் இப்ப வீடு முழுக்கத் துள்ளுறாள். நிப்பாட்ட ஏதும் மருந்து இருக்கோ?"

பதினாறு வருடத்தில் நான் படித்த வைத்தியம் இவ்வளவுதான்: துள்ளுகிற பிள்ளை வரிசையில் நிற்கலாம், துள்ளாத பிள்ளைக்கு நாங்கள்தான் ஓட வேண்டும்.