கையை மட்டும் விடச் சொன்னேன்

கரடி என்னைக் கவிழ்த்துப் போட்டபோது ஒரு வேத வசனம்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. சகோதர சகோதரிகளே, இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் சிறிய சபையில் ஆர்கன் வாசிப்பவள் நான். காலால் மிதித்துக் காற்றேற்றி வாசிக்கும் பழைய ஆர்கன். ஞாயிறு ஆராதனையில் பாடுகிற பாட்டுகளில் பாதி நான் எழுதி மெட்டமைத்தவை. சொல் அழகாக விழவேண்டும் என்று பாடகர் குழுவின் உயிரை வாங்குகிறவள்.

போன வருடம் பலா பழுக்கும் காலம். அந்த நாட்களில் எங்கள் மலையில் பலாத்தோப்பு வழியே யாரும் வாயை மூடிக்கொண்டு நடக்கமாட்டார்கள். மனிதச் சத்தம் கேட்டால், பழம் தின்ன வந்த கரடி தானாக விலகிப்போகும். நான் பாடிக்கொண்டே போவேன். அன்று சனிக்கிழமை காலை, பயிற்சிக்காகக் கோயிலுக்குப் போகும் வழியில், பாதிப் பாட்டில் புதிதாக ஒரு மெட்டு வந்தது. அது நழுவிவிடக் கூடாதே என்று வாயை மூடினேன். மனதுக்குள் அதை ஓட்டிப் பார்த்தபடியே நடந்தேன். அடுத்த வளைவில் கரடி பழத்தைப் பிளந்துகொண்டிருந்தது.

எழுந்து நின்று அறைந்தது. முகத்தின் வலப்பக்கம் தோலோடு கிழிந்தது. விழுந்தேன். முதுகில் ஏறிப் பிறாண்டியது. மண்டை எலும்பில் பல் உரசும் சத்தம் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் கையால் தலையை மூடியிருப்பார்கள். நான் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு அடியில் ஒளித்தேன். அது விடவில்லை. புரட்டிப் போட்டு வலது கையைக் கவ்வியது. எலும்பு நொறுங்கியது. வலியைவிடக் கோபம்தான் வந்தது.

"ஆண்டவரே, கைய வுடச் சொல்லுங்க! வேற எத வேணா எடுத்துக்கட்டும், கைய வுடச் சொல்லுங்க!"

அவ்வளவுதான் என் ஜெபம். ஆமென்கூட இல்லை.

அலறி முடிப்பதற்குள் கரடியின் மூக்கில் மண்வெட்டி இறங்கியது. பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காட்டுக்காரர் சடையன். அது என் கையை விட்டு அவர் தோளைக் கிழித்தது. ரத்தம் கொட்டக் கொட்ட, வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே அவர் வெட்டினார். கரடி ஓடியது. என் சேலையில் மூன்று பேர் ரத்தமும் இருந்தது.

எங்களை ஜீப்பில் போட்டு நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் வலது கண் போய்விட்டது. கையையும் எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். சபை உபவாசமிருந்து ஜெபித்தது. நான் படுக்கையில் கிடந்து தேவனோடு சண்டை போட்டேன். கண்ணைக் கேட்டீரா, தந்துவிட்டேன், கையைத் தொடக் கூடாது என்றேன். புண் அழுகவில்லை. கை தப்பியது.

ஊருக்குத் திரும்பியதும் சடையன் வீட்டுக்குப் போனேன்.

"தம்பி, கர்த்தர்தான் உன்ன அனுப்புனாரு" என்றேன்.

"ஆரு அனுப்புனாங்களோ, தெரியலீங்கக்கா. தெனமும் பாடிக்கிட்டே போவீங்க. அன்னிக்கி பாதியில சத்தம் நின்னுபோச்சு. என்னமோ ஆயிப்போச்சுன்னு மம்முட்டியத் தூக்கிட்டு ஓடியாந்தேன்."

 நான் அலறுவதற்கு முன்பே, கரடியைப் பார்ப்பதற்கும் முன்பே, அவர் ஓடி வரத் தொடங்கியிருக்கிறார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அறுப்பின் பண்டிகையன்று மறுபடி ஆர்கன் முன் உட்கார்ந்தேன். சுண்டுவிரல் நீளவில்லை. பல இடங்களில் தப்பாக விழுந்தது. சபை அழுதுகொண்டே பாடியது. வாசலில் நின்று கேட்ட சடையன், "பழையபடி இல்லீங்கக்கா" என்றார். "இல்லதான் சாமி" என்று சிரித்தேன்.

இப்போது என் பாட்டுகளில் பெரிய சொற்கள் இல்லை. ஜெபிக்க வார்த்தை வரவில்லையே என்று தவிக்கிறவர்களே, எது போனால் தாங்கமாட்டீர்களோ அதன் பெயரைச் சொல்லிக் கத்துங்கள். அவர் கேட்பார். இதை நான் வலது கையால்தான் எழுதுகிறேன்.