அப்பாவுக்கு வராத வியாதி

பாப்பாவுக்கு வயது இருபத்தேழு. பார்சல் கிடங்கில் ஒரு ஷிஃப்டையே கட்டி மேய்க்கிறவள். வாட்டசாட்டமான லோடு ஆட்கள்கூட அவளிடம் வாலாட்ட மாட்டார்கள். வீட்டில் மட்டும் இன்னும் பாப்பாதான். கடைக்குட்டியாகப் பிறந்தால் அதுதான் கதி.

எம்.பி.ஏ. இல்லாமல் இதற்கு மேல் பதவி உயர்வு கிடையாது என்று மேலாளர் பட்டும் படாமல் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்து விழுந்து விழுந்து படித்தாள். நுழைவுத் தேர்வில் பிரமாதமான மார்க். என்ன பிரயோஜனம்? கல்லூரியில் வாங்கிய மார்க் வெளியில் சொல்லும்படியாகவா இருந்தது? இரண்டாம் வருஷம் முழுக்க அரியர்; தட்டுத் தடுமாறித்தான் கரையேறினாள். விண்ணப்பித்த இடமெல்லாம் அந்த மார்க்கைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டது. ஒரே ஒரு கல்லூரி மட்டும் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அங்கேயும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஏன் அப்படி ஆனது என்றால், அதுதான் வம்பே. காரணம் என்று ஒன்றும் இல்லை. காதல் கீதல் இல்லை, வீட்டில் கஷ்டம் இல்லை, ஒரு காய்ச்சல்கூட இல்லை. பத்தொன்பது வயதில் புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் வந்தது, தூங்கினாள். இதைப் போய்ப் பேராசிரியர்கள் முன்னால் சொல்ல முடியுமா?

அண்ணன் செல்போன் கடை வைத்திருப்பவன். ஓட்டை போனையும் புதுசு என்று தலையில் கட்டிவிடக்கூடிய வாய். அவன்தான் வழி சொன்னான்.

"அப்பாவுக்கு அப்போ நெஞ்சுவலின்னு சொல்லிடு. ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சேன்னு சொன்னா, அதுக்கு மேல யாரும் தோண்ட மாட்டாங்க."

குத்துக்கல் மாதிரி இருக்கிற மனுஷனுக்கு வியாதி கட்டுகிறாயா என்று அம்மா கரண்டியை வீசாத குறை. அப்பா சிரித்தார். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தலைவலி என்றுகூட ஒரு நாள் லீவு போட்டதில்லை. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே அது வந்துவிடும்.

"பாப்பாவுக்கு சீட் கிடைக்கும்னா எனக்கு என்ன வேணா வந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பாப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் சொல்வதற்கு வேறு என்ன இருந்தது? சாப்பாட்டு மேசையிலேயே ஒத்திகை நடந்தது. அப்பாதான் பேராசிரியர். கேள்வியை அவரே கேட்பார், அவள் பதில் சொல்லச் சொல்ல அவரே கண் கலங்குவார்.

நேர்காணலுக்குத் துணைக்கு வந்தே தீருவேன் என்று அடம்பிடித்து வந்தார். நான்காவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. நேரமாகிவிடுமோ என்ற பயத்தில் பாப்பா முன்னால் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தாள். அவர் பின்னால் நிதானமாக வந்து சேர்ந்தார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவர் இன்னும் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்பார்த்த கேள்வி வந்தது. பாப்பா தங்குதடையில்லாமல் சொன்னாள். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, கண் விழித்த இரவுகள், எல்லாம். ஓரத்தில் இருந்த பேராசிரியை 'அடடா' என்று முகம் இளகினார். பெரியவர் மட்டும் கைக்குட்டையை மடித்து வைத்தார்.

"வெளியே நீலச் சட்டை போட்டுட்டு உட்கார்ந்திருக்கிறவர்தானே உங்க அப்பா?"

தலையாட்டினாள்.

"படியில எனக்கு மூச்சு வாங்குதுன்னு என் பையைத் தூக்கிட்டு வந்தவர் அவர்தான். பொண்ணு நேர்காணலுக்கு வந்திருக்குன்னார். இத்தனை வருஷத்துல ஒரு நாள் படுத்ததில்லையாம்." அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. "நிஜமா என்னம்மா நடந்தது?"

"ஒண்ணும் நடக்கலை சார். படிக்கலை, அவ்வளவுதான்."

உண்மைதான். ஆனால் ஒரு பொய்யைச் சொல்லி முடித்த வாயால் சொன்ன உண்மை. அதை எந்தத் தராசில் வைப்பது? அவர் காகிதங்களை மூடினார். போய்விட்டு வாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அப்பா ஆவலாக எழுந்தார்.

"கேட்டாங்களா? நல்லா சொன்னியா?"

"சொன்னேன்பா."

அவர் முகம் மலர்ந்தது. அதற்குள் கதவு திறந்து பெரியவர் வெளியே வந்தார். அப்பா அவரைப் பார்த்தார், அவர் வந்த கதவைப் பார்த்தார், பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமில்லை. சட்டென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சரிந்து, இருமத் தொடங்கினார். நடிக்கத் தெரியாத மனுஷன். தொண்டையைக் கனைப்பது போலத்தான் வந்தது.

"வேணாம்பா" என்று பாப்பா அவர் கையைப் பிடித்தாள். அவர் அந்தக் கையை உதறிவிட்டு, பெரியவர் காதில் விழும்படி இன்னும் பலமாக இருமினார்.