கரஸில் படிக்கும் மகள்

செய்தி வந்தபோது நான் தேர்வு அறையில் கண்காணிப்பில் இருந்தேன். கைபேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது நம் கல்லூரி விதி. பன்னிரண்டரை மணிக்கு விடைத்தாள் கட்டை ஒப்படைத்துவிட்டு வந்தால், அலுவலக உதவியாளர் முருகேசன் வராந்தாவில் எனக்காக நின்றிருந்தார். "சார், லைப்ரரி மேடம் தவறிட்டாங்களாமுங்க. காலைல ஊட்டுலயே நெஞ்சு வலிங்களாமா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்களாம்" என்றார்.

அப்போது முதலில் என் மனத்தில் தோன்றியதை எழுதிவிடுகிறேன். அவருக்கான இந்த நினைவு மலரில் எழுதக்கூடிய விஷயமில்லை, தெரியும். 'இனிமேல் இந்தக் கல்லூரியில் பூரணியைப் பற்றித் தெரிந்தவர் யாருமில்லை' என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பாடா என்றுகூட இருந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

பூரணி என் மகள். இருபத்திரண்டு வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவள். வணிகவியல் துறையில் இத்தனை வருடம் உங்களோடு டீ குடித்திருக்கிறேன், சுற்றுலா வந்திருக்கிறேன். "பொண்ணு என்னங்க சார் பண்ணுது?" என்று கேட்ட ஒவ்வொருவரிடமும், "ஊட்ல இருந்தே கரஸ்ல படிக்குதுங்க" என்று சொல்லியிருக்கிறேன். அஞ்சல்வழிப் படிப்பைத்தான் நம் ஊரில் கரஸ் என்கிறோம். அதில் ஒரு சௌகரியம் உண்டு. எந்தப் பாடம், எத்தனையாவது வருடம் என்று யாரும் தோண்ட மாட்டார்கள். "நல்லதுங்க" என்று நகர்ந்துவிடுவார்கள். நம் நூலகர் சுலைகா பேகம் ஒருவர்தான் விடவில்லை. "எந்த யுனிவர்சிட்டிங்க சார்? சொன்னீங்கன்னா புஸ்தகம் எடுத்து வெக்கறேனுங்க" என்றார். துறையில் கூட்டம் இருக்கிறது என்று சொல்லி நழுவினேன்.

அந்தப் பொய் உடைந்தது என் மனைவிக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில். பூரணியை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆளில்லை. மாணவர்களுக்குத் தேர்வுக்கு முந்தைய விடுமுறை. நூலகம் காலியாகக் கிடந்தது. அழைத்துப்போய் ஒரு மூலையில் உட்காரவைத்து, "சொந்தக்காரப் பொண்ணுங்க மேடம், சாயந்திரம் வரைக்கும் இருக்கட்டுங்க" என்றேன். சுலைகா மேடம் தலையை மட்டும் ஆட்டினார். நான்கு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் மாலை நான் கூப்பிடப் போனபோது வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"உங்க சொந்தக்காரப் பொண்ணு உங்கள அப்பாங்குதுங்க சார்."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவருக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. "கரஸ்ல படிக்கறதும் இந்த அம்மணிதானுங்களா? அதை அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல இங்க வந்து பாருங்க" என்று உள்ளே இழுத்துப்போனார். மாணவர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் இரண்டு அலமாரி நிறைய அடுக்கியிருந்தன. முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து, ஒன்றுகூடத் தப்பாமல், பூரணி அடுக்கியது. "எம்.லிப். முடிச்சுட்டு வர்றவங்களுக்கே நான் மூணு மாசம் சொல்லித்தரோணுமுங்க. இது நாலு நாள்ல புடிச்சுக்கிச்சு" என்றார். பூரணி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஏனுங்கப்பா, நாளைக்கும் காலேஜுக்கு வரலாங்களா?"

மறுநாள் ஞாயிறு என்று சொல்லித் தப்பித்தேன். சுலைகா மேடம் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டார். இப்படிப்பட்ட இளைஞர்களுக்குக் கல்லூரியில் இடம் தருகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தார். தன் விடுப்பில், தன் செலவில், ஊர் ஊராகப் போனார். மெழுகுவத்தியும் காகிதப் பையும் செய்யச் சொல்லித்தரும் இடங்களை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "அது தொழிலுங்க சார், நல்லதுதான். ஆனா காலேஜுன்னா கேன்டீன்ல உக்காந்து வெட்டிப்பேச்சு பேசோணும், லேட்டா வந்து திட்டு வாங்கோணும், புடிக்காத கிளாஸ கட் அடிக்கோணும். நாமெல்லாம் அப்பிடித்தானுங்க பெரியவங்க ஆனோம். இவங்களுக்கு மட்டும் அது வேண்டாமுங்களா?" என்பார்.

ஒரே ஒரு முறை நானும் கூடப் போனேன். ரயிலில் ஐந்து மணி நேரப் பயணம். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் பாடத்திட்டத்தைக் கேட்பதற்கு முன்னால், "மத்தியானம் இவங்க எங்க உக்காந்து சாப்பிடறாங்க?" என்றுதான் அவர் கேட்பார். முதலில் பார்த்த கல்லூரியில் பின்பக்கம் தனிக் கட்டடம், தனி வாசல், சாப்பாடும் அங்கேயே. சுவரில் அழகாக வண்ணத்துப்பூச்சி வரைந்திருந்தார்கள். எனக்கு அந்த இடம் மிகவும் பிடித்துவிட்டது. வெளியே வந்ததும் அவர் முகத்தைச் சுளித்தார். "பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்காங்க சார்" என்றார். எனக்கு எதனால் பிடித்தது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆட்டோ தேடுகிற சாக்கில் முன்னால் நடந்தேன்.

இரண்டாவது கல்லூரியில் எல்லோருக்கும் ஒரே கேன்டீன். அங்கே பூரணி போன்றவர்களுக்கான ஈராண்டுச் சான்றிதழ் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணிடம் சுலைகா மேடம் பேசிக்கொண்டிருந்தார். பாதிப் பேச்சில் அந்தப் பெண், "கிளாஸுக்கு நேரமாச்சு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "நம்மள மதிக்காமப் போயிருச்சு பாருங்க. இதுதானுங்க காலேஜு" என்று ரயில் ஏறும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்படி ஒரு வகுப்பு நம் கல்லூரியிலும் வர வேண்டும் என்று திரும்பும் வழியிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார்.

அந்த விண்ணப்பம் கல்விக்குழுவுக்கு வந்த நாள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். நானும் குழுவில் ஓர் உறுப்பினன். அவர் கால் மணி நேரம் பேசினார். அறை, ஆசிரியர், பாடம் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். முதல்வர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "நல்ல விஷயந்தானுங்க மேடம். ஆனா பெத்தவங்க அனுப்புவாங்களா? வேணும்னு கேட்டவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

"யாருங்க?"

சுலைகா மேடம் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு, "அது அவங்களே சொல்லோணுமுங்க சார். நான் சொல்றது முறையில்லைங்க" என்றார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். நான் என் முன்னால் இருந்த தாளில் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு குரல், "அடுத்த வருசம் பாக்கலாமுங்க சார்" என்றது. அது என் குரல்.

நம் ஊரில் 'பாக்கலாமுங்க' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாரையும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி நோகடிக்க நமக்கு வராது. பெண் கேட்டு வந்தவர்களிடமும் பாக்கலாமுங்க, கட்சிக்காரரிடமும் பாக்கலாமுங்க. கேட்டவரும் புரிந்துகொண்டு காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவு மரியாதையான ஒரு சொல்லை வைத்து நான் என் மகளின் கல்லூரியைச் சாத்தினேன்.

படியிறங்கும்போது அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பூரணி போன் பண்ணுமுங்க சார், எப்ப கிளாஸுன்னு. நான் என்னங்க சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோதும் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. மறு வருடம் மறுபடி விண்ணப்பம் வைத்தார். கூட்டத்தன்று நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்காதீர்கள். மாப்பிள்ளை பெயர்கூட எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வருடமும் விண்ணப்பம் தள்ளிப்போயிற்று. இதோ, இந்த வருடம் விண்ணப்பம் வைக்க அவர் இல்லை.

அவர் இறந்த மூன்றாம் நாள் கோட்டைமேட்டில் அவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். தம்பி ரஃபீக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அக்காவுக்குக் கல்யாணமாகவில்லை, இவர் குடும்பத்தோடுதான் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். ரஃபீக் சொன்னார்: "அக்கா மௌத்தாகறதுக்கு மொத நாள்கூடச் சொல்லுச்சுங்க சார். அந்தப் பிள்ளைகளுக்கு எப்பிடியும் கிளாஸ் வந்துருமுடா, எங்க காலேஜுல ஒருத்தரு எந்திரிச்சுப் பேசுவாரு, கொஞ்சம் பயப்படறாரு, ஆனாப் பேசிருவாருன்னு. பேரு கேட்டாச் சொல்லாதுங்க. அது யாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா? அவரப் பாத்து ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க."

"தெரியலீங்களே" என்றேன். உள்ளேயிருந்து டீ வந்தது. குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்று மாலை பூரணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் நெடுநேரம் அழுதாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். என் மகளை எனக்கும் முன்பே பெருமையாக நினைத்த ஒரு மனுஷி போய்விட்டார் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

அவர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கைதான் இப்போது என்னிடம் இருக்கிறது. 'ஆனாப் பேசிருவாரு' என்று சொன்னாராமே, அந்த நம்பிக்கை. அதற்கு நான் தகுதியில்லாதவன் என்று எழுதி முடித்துவிடலாம். படிக்க அடக்கமாக இருக்கும், எனக்கும் வேலை மிச்சம். அதனால் அப்படி எழுதப்போவதில்லை. அடுத்த கல்விக்குழுக் கூட்டத்துக்கு அவருடைய விண்ணப்பத்தை அப்படியே மறுபடி கொடுத்திருக்கிறேன். வேண்டுமென்று கேட்கும் பெற்றோர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோது எழுத வேண்டிய பெயர் அது. இப்போது எழுதியதை அவர் பார்க்கப்போவதில்லை.

ரஃபீக், இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். நீங்கள் கேட்ட ஆள் யாரென்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தெரியவில்லை என்று உங்களிடம் சொன்னவன்தான் அவன். சொல்ல நினைத்த வார்த்தை எதுவானாலும் என் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். கதவைப் பூரணி திறப்பாள்.