குரங்குக்குப் பயந்து சாத்திய ஜன்னல்

செங்கம் ரோட்டில் மூர்த்தியின் வாடகை அறைகளைக் கூட்டித் துடைப்பவள் ஆதிலட்சுமி. ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்க ஆறு அறைகள். பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் ஏழாவது அறை அவளுக்கு. சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தேன் என்பான் மூர்த்தி. யாரும் வாடகைக்கு எடுக்காததால் கொடுத்தான் என்பேன் நான். முப்பது வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

புருஷன் போனபிறகு ஒரே மகள் ஓவியாவை அந்த அறையில் வைத்துத்தான் வளர்த்தாள், படிக்க வைத்தாள், கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்தாள். போன ஐப்பசி மழையில் ஓவியாவுக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்குத்தானே அழைத்து வர வேண்டும்? நாள் பேச சம்பந்தி சரசு வந்தாள். காபியைத் தொடவில்லை. கட்டிலுக்குப் பின்னால் சுவரை ஒரு விரலால் தேய்த்தாள். விரல் கறுப்பானது.

“இன்னா சம்பந்திம்மா, செவுரு பூரா பூசணம்? கைக்கொழந்த இதுலயா மூச்சு வுடணும்?”

“மழைக்கு வந்துதுங்க. கழுவிடறேன்.”

“கழுவிட்டு சொல்லுங்க. இல்லன்னா பிரசவம் எங்கூட்லயே ஆவட்டும்.”

சரசு சொன்னதில் தப்பில்லை. சொன்ன விதத்தில்தான் தப்பு.

ஆதிலட்சுமி அன்றைக்கே வேலையில் இறங்கிவிட்டாள். கக்கூஸ் கழுவ வைத்திருந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பக்கெட்டில் கலக்கினாள். இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலம் என்று நினைப்பு. ஜன்னலும் சாத்தியிருந்தது. எங்கள் பக்கம் ஜன்னலைத் திறந்தால் மலைக்குரங்கு உள்ளே வந்து சோற்றுக் குண்டானை உருட்டிவிடும். இருமல் சத்தம் கேட்டு நான் ஓடியபோது, எப்படியோ வாசல்வரை தவழ்ந்து வந்து விழுந்து கிடந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினாள். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் பிணமாகத்தான் தூக்கி வந்திருப்பீர்கள் என்று டாக்டர் திட்டினார்.

விஷயம் கேள்விப்பட்டு வந்த சுப்பன், குழாய் வேலைக்காரன், தலையில் அடித்துக்கொண்டான்.

“யக்கா, உசுரு வேணாமா உனக்கு? அந்த ரெண்டையும் எப்பவுமே சேக்கக் கூடாது. மொதல்ல தண்ணிய நிறுத்து. மேல தொட்டி பைப்பு கசியுது. அது நிக்காம நீ வருஷம் பூரா தேச்சாலும் பூசணம் வரும்.”

“ஓனர்கிட்ட மூணு தபா சொல்லிட்டேன்டா.”

“ஓனரு பெயிண்டு அடிப்பாரு. பெயிண்டுக்கு உள்ள அது சொகமா வளரும்.”

கசிவைச் சுப்பனே அடைத்தான். ஜன்னலுக்கு இரும்பு வலை வைத்துக் கொடுத்தான். காற்று வரும், குரங்கு வராது. இந்தத் தடவை ஆதிலட்சுமி மாஸ்க் கட்டிக்கொண்டாள், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டாள். காய்ந்த சுவரைத் தேய்த்தால் தூள் பறந்து பரவும் என்று சுப்பன் சொன்னதால், சோப்புத் தண்ணீரால் நனைத்து நனைத்துத் தேய்த்தாள். துடைத்த துணிகளைப் பையில் கட்டி எறிந்தாள். ஜன்னலைத் திறந்து வைத்தே சுவரை உலர விட்டாள். மெத்தைக்குள் ஏறியதுதான் போகவில்லை. ஓவியா பிறந்தபோது தைத்த இலவம்பஞ்சு மெத்தை அது. அதையும் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

பத்து நாள் கழித்தும் சுவரில் ஒரு புள்ளி இல்லை. படம் எடுத்துச் சரசுவுக்கு அனுப்பினாள். வெள்ளிக்கிழமை வளைகாப்பு, அன்றைக்கே அழைத்துப் போங்கள் என்று பதில் வந்தது. அடுத்த வாரம் எட்டாம் மாதம். எட்டில் பெண்ணை இடம் மாற்ற மாட்டார்கள்.

புதன்கிழமை மூர்த்தி வந்தான். அறைக்குள் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தான்.

“பரவால்லியே, ரூமா இது! கார்த்திக தீபத்துக்கு ஒரு குடும்பம் கேட்டுக்கினே இருக்காங்க. நாளைலேர்ந்து இருவது நாளைக்கு வுட்டுடலாம். நீ மாடிப்படிக்கு அடில அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

“ஐயா, வெள்ளிக்கெழம எம்பொண்ணு வருதுங்க. தலப்பிரசவம்.”

“தீபம் முடிஞ்சு வரட்டுமே. நாளைக்கேவா பெறப் போவுது?”

நான் மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். “ஏன்டா மூர்த்தி, இத்தினி வருஷம் பூசணத்துல கெடந்தாளே, அப்ப இந்த ரூமு உன் கண்ணுல படலியா?”

“நீங்க உங்க வூட்டு வேலயப் பாருங்கம்மா.”

ஓவியாவை என் வீட்டுக்குக் கூட்டி வா என்று ஆதிலட்சுமியிடம் சொன்னேன். “உங்க வூட்டுக்குக் கூட்டியாந்தா அது அதுக்குத் தாய்வீடு ஆவுமா பெரிம்மா?” என்றாள். வெள்ளிக்கிழமை போய் மகளுக்கு வளையல் போட்டாள். தீபத்துக்கு வேலை ஜாஸ்தி என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தாள்.

தை மாதம் ஓவியாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது, சரசு வீட்டில்.

அறை அதற்கு முன்பே திரும்பக் கிடைத்துவிட்டது. வந்திருந்தவர்கள் குரங்குக்குப் பயந்து வலைக்கு மேல் பாலித்தீன் கட்டி, உள்ளேயே ஈரத்துணி காயப்போட்டிருக்கிறார்கள். மூலையில் மறுபடி கறுப்பு. குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், நான் பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் கலந்து எடுத்துப் போனேன்.

“மாஸ்க்கக் கட்டுடி. நான் தொடைக்கறேன், நீ அந்தப் பாலித்தீனைப் பிரி.”

“வேணாம் பெரிம்மா.”

“ஏன்டி, நீயும் மூச்சு வுடறவதான?”

“செவுரு வெள்ளயா இருந்தா ஓனரு திரும்பவும் கேப்பாரு. கறுப்பா இருந்தாத்தான் இது என் ரூமு” என்றாள். பாலித்தீனைப் பிரிக்காமல் ஜன்னல் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டுவிட்டாள்.