படிக்கட்டில் தைத்த ஏப்ரன்

1993 நவம்பர் 12, வெள்ளிக்கிழமை. ஜெர்மனியின் டோர்ட்மண்டில் காலையிலிருந்து தூறல். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. பன்னிரண்டரைக்குப் பள்ளி முடிந்தது. அம்மா இரண்டு மணிக்கு வேலையால் வந்து எங்களுக்குச் சோறு போட்டார். பிறகு நான் கணக்குச் செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் வேறெதுவும் நடப்பதில்லை.

அன்று நடந்தது. முதியோர் இல்லமொன்றின் குசினியில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சமைக்கும் பெண்ணுக்குச் சுகமில்லாததால், சனிக்கிழமை அடுப்படியில் நிற்கும்படி ஷெஃப் சொல்லியிருந்தார். சரிவந்தால் தொடர்ந்தும் அங்கேயே நிற்கலாம். கழுவுகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் ஏப்ரன், சமைப்பவர்களுக்கு வெள்ளைத் துணி ஏப்ரன். ஒன்றைக் கொடுத்து, துவைத்துப் போட்டுவரச் சொல்லியிருந்தார். அம்மா அதைத் துவைத்து, இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி, அறைக் கதவின் கைப்பிடியில் மாட்டியிருந்தார்.

நாலு மணிக்குத் தம்பி குதிரையானான். இடுப்பு நாடாக்களை அவன் தோளில் போட்டு இழுக்கச் சொன்னேன். இரண்டாவது இழுப்பில் கழுத்து நாடாவின் ஒரு முனை, தான் தைக்கப்பட்டிருந்த துணியையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்தது. மடித்து மெத்தைக்குக் கீழே ஒளித்தேன். அம்மா கண்டுபிடித்தபோது நாலரை தாண்டிவிட்டது. வெளியே இருட்டு, சாமிப்படத்தின் முன்னே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை. விளக்கும் வைச்சாச்சு. இனி ஊசி எடுக்க ஏலாது" என்றார் அம்மா.

நாலு மணிக்கு வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியபடியே தூங்கிப்போயிருந்த அப்பா எழும்பி வந்து வழக்கில் சேர்ந்துகொண்டார். "ஊரில ஆறு மணிக்குத்தானே விளக்கு வைக்கிறது? இப்ப நாலரை. தாராளமாத் தையும்."

"ஊரில இப்ப ஒன்பது மணியப்பா."

"அப்ப காலமை எழும்பித் தையும்."

"நான் அஞ்சேகாலுக்கு வெளிக்கிட வேணும். இஞ்ச விடியிறது எட்டு மணிக்கு."

ஊசிப்பின் குத்தலாமே என்றேன். அது சூப்புக்குள் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று இருவரும் ஒரே குரலில் என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

பிறகு அம்மா ஏப்ரனை நான்காக மடித்தார். "பரவாயில்லை. நான் கழுவுற பக்கமே நிக்கிறன் எண்டு சொல்லுறன். ஆரும் ஒண்டும் நினைக்காயினம்." எனக்கு ஒரு ஏச்சுக்கூட விழவில்லை. தம்பியின் தலையைத் தடவிவிட்டார். தப்பினோம் என்று நினைத்தேன்.

அப்பா அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஊசி நூல் டப்பாவை எடுத்தார். "படிக்கட்டு வீடில்லைத்தானே?"

"உங்களுக்கென்ன விசரே?"

"விளக்கு வைச்சது நீர். ஊசி பிடிக்கிறது நான். அதுவும் வெளியில."

மாடிப்படியில் இருந்து தைத்தார். அங்கே விளக்கு இரண்டு நிமிடத்துக்கொருமுறை தானாக அணைந்துவிடும். சுவரிலிருந்த பொத்தானை அமுக்குவது எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை. பதினேழு தடவை அமுக்கினேன். பழைய தலையணை உறையில் நெருப்புப்பெட்டியளவு துண்டு வெட்டி, கிழிசலுக்குப் பின்னால் வைத்தார். பிய்ந்த ஓரத்தை உள்ளே மடித்து, நூலை இரட்டையாக்கி, நாடாவின் முனையைச் சுற்றிச் சதுரமாகத் தைத்தார். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு வரிசை.

"ஹைமில இருக்கேக்க என்ர உடுப்பெல்லாம் நான்தான் தைச்சனான்" என்றார். அகதிகளுக்கான அந்த விடுதியைப் பற்றி அவர் பேசுவது குறைவு. நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னார்: "கொம்மா நல்லாச் சமைப்பா. ஆனா வேலையிடத்தில டொச்சுப் பாஷையில சமைக்க வேணுமெண்டு நினைக்கிறா."

"சட்டியிலதானே சமைக்கிறது?" என்றேன். அப்பா சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

உள்ளே போய் அம்மாவிடம் நீட்டினார். அம்மா நாடாவை இரண்டு கையாலும் பிடித்து, பலம்கொண்டமட்டும் இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் இழுத்தார்.

"இது அறாது" என்றார், குறை சொல்வதுபோல.

இவ்வளவு நன்றாகத் தைத்துக் கொடுத்தும் அம்மாவுக்கு ஏன் முகம் விழுந்தது என்று எனக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஊசி எடுத்த கோபம் என்று முடிவு செய்து, அப்படியே என் கொப்பியிலும் எழுதிவைத்தேன். அந்த வரியைப் பின்னர் நான் திருத்தவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன், அதுவும் எனக்கு முப்பது வயதான பிறகு.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு முன்பே குசினியில் வெளிச்சம் தெரிந்தது. அம்மா இன்னும் தேநீர்கூட வைக்கவில்லை. இல்லத்துக்குப் போய்ப் போடவேண்டிய ஏப்ரனை வீட்டிலேயே கழுத்தில் மாட்டிக்கொண்டு, அப்பாவுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார்.

"இறுக்கிக் கட்டிவிடுங்கோ. நான் இதுக்கு மேலயே ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போறன்."